கூடலூர், கடலூர், தேவனாம்பட்டினம்: ஓர் ஆங்கிலேயத் துறைமுகத்தின் பெயரும் வழக்கும்

2014ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள், கர்நாடக மாநிலம் உருவான நாளை ஒட்டி, அம்மாநிலத்தின் பன்னிரண்டு நகரங்களின் ஆங்கிலப் பெயர்கள் அதிகாரபூர்வமாக மாற்றப்பட்டன. ‘பேங்களோர்’ பெங்களூரு ஆயிற்று. ‘மைசோர்’ மைசூரு ஆயிற்று. ‘மேங்களோர்’ மங்களூரு ஆயிற்று. யு. ஆர். அனந்தமூர்த்தி முன்வைத்த இந்தக் கோரிக்கையை மாநில அரசு ஏற்றதாக 2005இலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து நடுவண் அரசின் ஒப்புதலோடு அது நடைமுறைக்கு வந்தது. இம்மாற்றத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே எண்ணத்தின் மேல் நின்றது: மண்ணின் பெயரை ஆங்கிலேயர் சிதைத்தனர், சிதைந்ததைச் செப்பனிட்டால் மூலப்பெயர் மீளும்.

பெங்களூரைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பெருமளவு பொருந்தும். ‘ஊர்’ என்ற சொல் தமிழிலும் ‘ஊரு’ என்ற வடிவில் கன்னடத்திலும் உயிரோடு வழங்குகிறது. அதை ஆங்கிலேயர் ‘ஓர்’ என்று முடியும் ஒரு வால் ஆக்கினர். பெங்களூரு, மைசூரு, மங்களூரு, வேலூர், நெல்லூர், தஞ்சாவூர் ஆகிய எல்லாம் ஆங்கில எழுத்தில் ஒரே வாலைப் பெற்றன. வாலை நீக்கி ஊரைத் திரும்ப ஒட்டினால் வேலை முடிந்தது என்று தோன்றும். அதே வாலைப் பெற்ற வேறோர் ஊரை எடுத்துக்கொண்டால் இந்த எளிய கணக்கு தடுமாறுகிறது. அது சோழமண்டலக் கரையில் ஆங்கிலக் கிழக்கிந்திய நிறுவனத்தின் துறைமுக நகராகவும், சில ஆண்டுகள் அக்கரையில் அந்நிறுவனத்தின் தலைமையிடமாகவும் விளங்கிய கடலூர்.

கடலூரின் பெயர் வரலாற்றில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. ஒன்று, ஒரே இடத்துக்குரியவை போலத் தோன்றும் பல பெயர்கள் உண்மையில் வெவ்வேறு இடங்களைக் குறித்தவை. மற்றொன்று, ‘கடலூர்’ என்று இன்று தமிழர் எழுதும் பெயரே பழைய பெயரா என்ற வினா. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல் இவ்வூரின் ஆவணங்களைப் படிப்பவர் தவறான முடிவுகளுக்கு வர நேரும்.

முதலில் இடங்களைப் பார்க்கலாம். கெடிலம் ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தருகே தேவனாம்பட்டினம் என்ற கடற்கரை ஊர் உள்ளது. அதற்குச் சற்றுத் தெற்கே, உப்பனாறு எனப்படும் பரவனாற்றின் கழிமுகத்தை ஒட்டி, வணிகரும் நெசவுத் துணி ஏற்றுமதியும் நிறைந்த துறைமுக நகர் வளர்ந்தது. இதுவே இன்றைய கடலூர் முதுநகர். மேற்கே உள்நாட்டில், அப்பரைக் கட்டிக் கடலில் எறிந்த கல் தெப்பமாக மிதந்து கரை சேர்த்ததாகச் சைவ மரபு போற்றும் திருப்பாதிரிப்புலியூர். இம்மூன்றுக்கும் நடுவே, பிற்காலத்தில் ஆங்கிலேய அதிகாரிகளின் குடியிருப்பும் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் அமைந்த மஞ்சக்குப்பம். இன்று ஒரே மாநகராட்சிக்குள் அடங்கும் இவை நெடுங்காலம் தனித்தனி ஊர்களாகவே எண்ணப்பட்டன.

ஐரோப்பியர் முதலில் நாடிய இடம் தேவனாம்பட்டினம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செஞ்சி நாயக்கரின் இசைவோடு டச்சுக்காரர்கள் இங்கே வணிகம் தொடங்கினர். அவர்கள் வாயிலும் ஏட்டிலும் இவ்வூர்ப் பெயர் ‘தெக்னபட்டம்’ என்ற உருவில் நின்றது. பிற்கால ஆங்கில ஏடுகளிலும் இந்த உருவமே தொடர்ந்தது. 1677இல் செஞ்சி மராத்தியர் வசமாயிற்று. ஆங்கிலேயர் 1680களில் தெற்கிலிருந்த துறைமுக நகரில் காலூன்றினர். 1690இல், செஞ்சிக் கோட்டையில் இருந்து ஆண்ட மராத்திய அரசர் ராஜாராமின் அரசிடமிருந்து, தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் சென்னையின் ஆங்கிலேய ஆளுநர் எலிகூ யேல் நிறுவனத்துக்காக விலைக்கு வாங்கினார்.

அந்த விற்பனையின் ஒரு நிபந்தனை பெயராய்வாளருக்கு முக்கியமானது. கோட்டையிலிருந்து ஒரு பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவுக்குள் உள்ள நிலமும் ஊர்களும் விற்பனையில் அடங்கும் என்பது ஒப்பந்தம். இதற்கெனச் சென்னையிலிருந்து ஒரு பெரிய பீரங்கி அனுப்பப்பட்டது. 1690ஆம் ஆண்டு செப்டம்பரில் அது பல திசைகளிலும் சுடப்பட்டு, குண்டு விழுந்த எல்லை வரை நிறுவனத்தின் உடைமை என்று வகுக்கப்பட்டது. தெற்கிலிருந்த துறைமுக நகரும் அந்த வட்டத்துக்குள் வந்தது. அவ்வாறு அகப்பட்ட ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்ற பெயர் மக்களிடையே வழங்கியது. ஆங்கிலேய ஆவணங்கள் ‘உரிமை’ என்று பதிந்ததை, அந்த உரிமை எதன் வலிமையால் அளக்கப்பட்டது என்பதை மறக்காத ஒரு சொல்லால் உள்ளூர் வழக்கு பதிந்துவைத்தது.

வாங்கிய கோட்டைக்கு யேல் இட்ட பெயர் ‘புனித டேவிட் கோட்டை’. யேல் குடும்பம் வேல்ஸ் நாட்டு வழியினது. வேல்ஸின் காவல் புனிதர் டேவிட். யேலின் சிறு மகன் டேவிட் சில ஆண்டுகளுக்கு முன்புதான் சென்னையில் இறந்து புதைக்கப்பட்டிருந்தான். பெயரின் காரணமாக இவ்விரண்டுமே சொல்லப்படுவதுண்டு. எதுவாயினும், இந்தப் பெயர் ஒரு புதுச் சுவருக்கு வந்ததே ஒழிய ஊருக்கு வரவில்லை. 1690க்குப் பின் கோட்டையும் ஆட்சியும் ‘புனித டேவிட் கோட்டை’. சுற்றியிருந்த ஊர் ‘தெக்னபட்டம்’. தெற்கிலிருந்த துறைமுக நகர் ‘கடலோர்’. நிறுவனத்தின் எழுத்தர் இந்த வேறுபாட்டைப் பொதுவாகக் காத்தே எழுதினர்.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையைக் கைப்பற்றியபோது, சோழமண்டலக் கரையில் ஆங்கில நிறுவனத்தின் தலைமையிடம் இக்கோட்டைக்கு மாறியது. சென்னை 1749இல் திரும்பக் கிடைத்த பின்னும் 1752 வரை தலைமை இங்கேயே இருந்தது. சென்னையிலிருந்து தப்பி வந்த இளம் எழுத்தர்களுள் ஒருவரான ராபர்ட் கிளைவ், 1756இல் இதன் துணை ஆளுநராகப் பொறுப்பேற்று, அதே ஆண்டில் வங்காளப் படையெடுப்புக்கு அழைக்கப்பட்டார். ஆகவே 1746 முதல் 1752 வரை எழுதப்பட்ட ஆணைகளில் ‘புனித டேவிட் கோட்டை’ என்று வரும் இடங்களைக் ‘கடலூர்’ என்று மொழிபெயர்ப்பது பிழை. அங்கே அச்சொல் ஓர் ஊரைக் காட்டிலும் ஓர் அரசையே சுட்டுகிறது.

இதே காலத்தில், 25 கிலோமீட்டர் அளவே வடக்கே இருந்த புதுச்சேரியில், துய்ப்ளேக்சின் துபாசியான ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்தார். அவருடைய எழுத்தில் ஆங்கிலேயரின் கோட்டை ‘தேவனாம்பட்டணம்’. துறைமுக நகர் ‘கூடலூர்’. கோட்டைக்கு யேல் இட்ட புனிதர் பெயர் தமிழ் வழக்கில் வேர்விடவில்லை. அரை நூற்றாண்டு கடந்தும், அதன் அதிகாரம் உச்சத்தில் இருந்தபோதும், தமிழர் அதை மண்ணின் பெயராலேயே அழைத்தனர். ஆங்கிலேயர் பெயரிட்டதால் பழைய பெயர் அழிந்தது என்ற பொதுவான கருத்துக்கு இக்கோட்டை ஒரு மாற்றுச் சான்று. ஒரே இடத்துக்கு இரண்டு மொழிக்குழுவினர் இரண்டு பெயர்களை இணையாக வைத்திருந்தனர். ஒன்று மற்றொன்றை விழுங்கவில்லை.

1758 சூன் தொடக்கத்தில் பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் கோட்டை சரணடைந்தது. அவர் அதை இடித்துத் தள்ளினார். 1760இல் இடம் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தபோதும் கோட்டை பழைய நிலையை அடையவில்லை. 1782இல் பிரெஞ்சுப் படையும் ஹைதர் அலியின் மைசூர்ப் படையும் சேர்ந்து நகரைக் கைப்பற்றின. 1783 சூனில் ஆங்கிலத் தளபதி ஸ்டூவர்ட் அதை முற்றுகையிட, புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையினரும் காத்தனர். கடலில் சஃப்ரேனும் ஹியூஸும் மோதினர். ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டுவிட்ட செய்தி வந்து சேர்ந்ததால் சண்டை முடிவின்றி நின்றது. நகர் பின்னர் ஆங்கிலேயரிடம் திரும்பியது. போர் வரலாற்றில் இந்த நிகழ்வு ‘கடலூர் முற்றுகை’ என்றே வழங்குகிறது, ‘புனித டேவிட் கோட்டை முற்றுகை’ என்று வழங்குவதில்லை. கோட்டை இடிந்ததோடு அதன் பெயரின் ஆட்சியும் இடிந்து, துறைமுக நகரின் பெயர் மேலெழுந்ததை இந்த வழக்கே காட்டுகிறது.

இரண்டாவது சிக்கல் அந்தத் துறைமுக நகரின் பெயரைப் பற்றியது: அது கூடலூரா, கடலூரா?

ஆங்கிலோ-இந்தியச் சொற்களுக்கான புகழ்பெற்ற அகராதியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ 1886இல் வெளிவந்தது. ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ. சி. பர்னெலும் அதன் ஆசிரியர்கள். இவ்வூர்ப் பெயரின் சரியான வடிவம் ‘கடலூர்’, அதாவது கடல் சார்ந்த ஊர், என்பதாக இருக்கலாம் என்று அதில் கருத்துரைக்கப்பட்டது. 1893இல் சி. டி. மக்லீன் பதிப்பித்த சென்னை மாகாண நிருவாகக் கையேட்டின் சொற்களஞ்சியமோ ‘கூடல்’ என்பதே அடிச்சொல் என்றது. ஆறுகள் கூடும் இடத்து ஊர் கூடலூர். 1903இல் ஹாப்சன்-ஜாப்சனை வில்லியம் குரூக் மறுபதிப்புச் செய்தபோது, யூலின் கருத்தை அழிக்காமல், மக்லீனின் விளக்கத்தைச் சதுர அடைப்புக்குள் அதன் பக்கத்தில் சேர்த்துவைத்தார். அகராதியின் ஒரே பதிவுக்குள் இரண்டு பிறப்புக் கதைகள் அருகருகே நிற்கின்றன.

யூல் சொன்னது வெறும் ஊகமன்று. ஆங்கில எழுத்துக்கூட்டல் அவர் பக்கம் சாய்வதாகவே தோன்றும். சி-யு-டி-டி என்று தொடங்கும் இப்பெயரில் உள்ள ‘யு’ எழுத்து, பழைய ஆங்கில எழுத்துமுறையில் பல இடங்களில் குறில் அகரத்தைக் குறித்தது. கறி என்ற தமிழ்ச் சொல் ஆங்கிலத்தில் சி-யு-ஆர்-ஆர்-ஒய் என்று எழுதப்படுகிறது. பங்களாவுக்கும் கச்சேரிக்கும் அதே ‘யு’. எல்லாவற்றினும் நெருங்கிய சான்று ஆந்திரத்தின் கடப்பை. அதுவும் நெடுங்காலம் சி-யு-டி-டி என்றே தொடங்கி எழுதப்பட்டு, 2005இல்தான் கே-ஏ-டி என்று மாற்றப்பட்டது. கடப்பையின் ‘கட’ அவ்வாறு எழுதப்படுமானால், கடலூரின் ‘கட’வும் அவ்வாறு எழுதப்பட்டிருக்கலாம். அதற்கு அடுத்து இரட்டித்து வரும் மெய்யெழுத்தும், முன்னுள்ள உயிர் குறில் என்ற ஆங்கில எழுத்துப் பழக்கத்தோடு ஒத்துப்போகிறது.

ஆனால் இந்த வாதம் ஆங்கிலச் சான்றை மட்டுமே நம்பி நிற்கிறது. அதே ‘யு’ உகரத்தையும் ஊகாரத்தையும் குறிக்கக்கூடும். நீலகிரியின் கூடலூர் இன்றும் ஜி-யு-டி என்றே எழுதப்படுகிறது. ஆங்கில வடிவம் இருபுறமும் சாட்சி சொல்லக்கூடியது. இத்தகைய நிலையில் வேறு மொழிச் சான்றை நாடுவதே முறை.

பிரெஞ்சு ஏடுகள் இவ்வூரை ஜி-ஓ-யு என்று தொடங்கி எழுதின. பிரெஞ்சில் ‘ஓ-யு’ உகர, ஊகார ஒலிகளுக்கு மட்டுமே உரியது. அகரத்துக்கு வரவே வராது. புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் இப்பெயரைக் கேட்டது இதே வட்டாரத்துத் தமிழர் வாயிலிருந்துதான். பின்னர் பிரெஞ்சு நூல்களில் ‘கொந்தெலூர்’ என்ற வடிவம் பரவி, 1783இன் கடற்போர் அப்பெயராலேயே அங்கு அறியப்படுகிறது. கையெழுத்தில் ‘யு’வும் ‘என்’னும் ஒன்றுபோலத் தோன்றுவதை எண்ணினால், இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. பிரெஞ்சுச் சான்றோடு ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ்ச் சான்றும் சேர்கிறது. அவர் குறில் நெடில் அறிந்து தாய்மொழியில் எழுதியவர். அவர் எழுதியது ‘கூடலூர்’. நிலவியலும் இதற்குத் துணை: கெடிலமும் உப்பனாறும் ஒன்றையொன்று நெருங்கிக் கழிமுகத்தில் கலக்கும் இடத்தில்தான் பழைய துறை உள்ளது. ஆறுகள் சேருமிடத்தைக் ‘கூடல்’ என்பது தமிழில் தொன்மையான வழக்கு. மூன்று வகைச் சான்றுகளும் ஒன்றுபடுவதால், 18ஆம் நூற்றாண்டில் இத்துறைமுகத்தின் பெயர் கூடலூர் என்று கொள்வதே தகும்.

அப்படியானால் ‘கடலூர்’ எங்கிருந்து வந்தது? எந்த அரசாணையும் இதைப் புகுத்தவில்லை. பொருளை நோக்கினால், கடலருகே நிற்கும் ஓர் ஊரைக் கடலூர் என்பது எளிதில் விளங்கும். கூடலின் பொருளை உணர ஆறுகளின் போக்கு தெரிந்திருக்க வேண்டும். எழுத்தை நோக்கினால், ஆங்கில வடிவத்தைப் பார்த்துத் தமிழில் திரும்ப எழுதுவோருக்குக் ‘கட’ என்ற வாசிப்பு கைக்கு எட்டும் தொலைவில் இருந்தது. பயனை நோக்கினால், நீலகிரியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் வேறு கூடலூர்கள் இருக்க, இவ்வூர் தனிப் பெயர் பெறுவது அஞ்சலுக்கும் பயணத்துக்கும் நலம் செய்தது. இவை ஒவ்வொன்றும் எவ்வளவு பங்காற்றின என்று அளந்து சொல்ல இயலாது. ஆனால் மூன்றும் ஒரே திசையில் தள்ளின என்பது தெளிவு. 20ஆம் நூற்றாண்டில் ‘கடலூர்’ ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றுவிட்டது. 1993இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டு, தலைவர்களின் பெயர்கள் மாவட்டங்களிலிருந்து 1997இல் நீக்கப்பட்ட பின், அவ்வடிவமே ஒரு மாவட்டத்தின் பெயராகவும் ஆயிற்று.

பெங்களூரோடு ஒப்பிட்டால் இவ்விடத்தின் தனித்தன்மை புலப்படும். பெங்களூரின் பெயருக்கு வெந்த அவரையோடு தொடர்புடைய ஒரு கதை சொல்லப்படுகிறது: பசித்து வந்த ஹொய்சள மன்னருக்கு ஒரு மூதாட்டி வேகவைத்த பயறு கொடுத்ததால் ‘பெந்த காளூரு’ என்ற பெயர் வந்ததாம். பேகூரில் கிடைத்த, ஏறத்தாழ கி.பி. 890ஐச் சேர்ந்த வீரக்கல் அந்தக் கதையை முடித்துவைத்தது. ‘பெங்களூரு’ப் போரில் மாண்ட ஒரு வீரனைப் பற்றிய அக்கல்வெட்டு, ஹொய்சளக் கதைக்கு நெடுங்காலம் முன்பே அப்பெயர் வழங்கியதைக் காட்டியது. கன்னடம் பேசுவோர் ஆயிரம் ஆண்டுகளாக விடாமல் சொல்லிவந்த பெயர் அது. 2014இல் நடந்தது, வாயில் இருந்த பெயரை ஆங்கில எழுத்துக்கு ஏற்றியதே. அங்கே தொன்மையும் வழக்கும் ஒரே பக்கம் நின்றன.

கடலூரில் அவை பிரிந்து நிற்கின்றன. தொன்மையை நாடினால் ‘கூடலூர்’ என்று மாற்றவேண்டும். ஆனால் இன்று அங்கு வாழும் மக்கள் சொல்வது அதுவன்று. வழக்கை நாடினால் ‘கடலூர்’ என்பதே சரி. ஆனால் அது ‘மூலப்பெயரின் மீட்பு’ ஆகாது. 2020 சூனில் தமிழ்நாட்டு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. எழுத்துக்கூட்டல் பற்றிய கடும் விமரிசனங்களுக்குப் பின் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. அப்போதைய விவாதம் ஆங்கிலத்தில் எத்தனை ‘ஓ’ இட வேண்டும் என்பதிலேயே சுழன்றது. ‘தமிழ் உச்சரிப்பு’ என்பது எந்தக் காலத்து, யாருடைய உச்சரிப்பு என்ற அடிப்படை வினா எழவில்லை. கடலூரைப் போன்ற ஊர்களில் அந்த வினாவைத் தவிர்க்க இயலாது. அதற்கு நேர்மையான விடை, உச்சரிப்பு ஆணை வாழும் வழக்கைப் பதிவு செய்கிறது, வரலாற்றை மீட்பதாகச் சொல்லிக்கொள்ள அதற்கு உரிமையில்லை என்பதே.

பெயரின் வழக்கு அரசிதழோடு முடிவதுமில்லை. கடலூர்வாசிகள் தம் நகரின் இரு பகுதிகளை இன்றும் ‘ஓ.டி.’, ‘என்.டி.’ என்கின்றனர். பழைய நகர், புதிய நகர் என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. அவற்றைத் தமிழாக்கி ‘முதுநகர்’, ‘புதுநகர்’ என்று காவல் நிலையப் பலகைகளில் எழுதியாயிற்று. பேச்சில் ஆங்கிலச் சுருக்கமும் எழுத்தில் தமிழ்ப் பெயரும் சண்டையின்றி வாழ்கின்றன. இம்பீரியல் சாலையும் லாரன்ஸ் சாலையும் பெயர் மாறவில்லை. 1918இல் பாரதியார் அடைக்கப்பட்ட சிறை அமைந்த மேட்டுக்குக் கேப்பர் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரே நிலைத்து, மக்கள் வாயில் ‘கேப்பர் மலை’யாக உள்ளது. திருப்பாதிரிப்புலியூரோ பேச்சில் ‘திருப்பாப்புலியூர்’ எனச் சுருங்கிவிட்டது. அதில் உள்ள ‘பாதிரி’ தல மரத்தின் பெயரே அன்றிக் கிறித்துவக் குருவைக் குறிப்பதன்று. இவற்றுள் எது சிதைவு, எது வளர்ச்சி என்று மொழியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பெங்களூரிலும் அதுவே நிலை. 1809இல் தோன்றிய படைக்குடியிருப்பை ஒட்டித் தமிழர் பெருகிய பகுதி இன்றும் ‘கண்டோன்மென்ட்’தான், அதன் தொடர்வண்டி நிலையப் பெயர் நகரின் பெயர் மாற்றத்தால் மறையவில்லை.

ஆங்கில வடிவத்துக்கு ஊரைக் கடந்த வாழ்வும் உண்டு. 1759இல் அலெக்சாண்டர் டால்ரிம்பிள் சென்னையிலிருந்து கீழைக் கடல்களுக்குச் சென்ற கப்பலின் பெயர் ‘கடலோர்’; அதில் சென்றே அவர் சூலூ சுல்தானோடு நிறுவனத்துக்காக உடன்படிக்கை செய்தார். 19ஆம் நூற்றாண்டில் நிலவியலாளர் எச். எஃப். பிளான்ஃபோர்டு இவ்வட்டாரத்தின் செம்மண் நிற மணற்பாறைக்கு இவ்வூரின் பெயரை இட்டார். நெய்வேலி நிலக்கரிப் படுகையை ஆராய்பவர் எவரும் ‘கடலூர் மணற்கல்’ என்ற பெயரைக் கடந்தே செல்லவேண்டும். பாறை அடுக்குகளுக்கு ஒருமுறை இட்ட பெயரை ஊரின் எழுத்துக்கூட்டல் மாறியதற்காக மாற்றுவது அத்துறையின் வழக்கமன்று. நாளை அரசு எவ்வாறு எழுதினாலும், அப்பாறை பழைய ஆங்கில எழுத்திலேயே நிற்கும்.

ஆய்வு மாணவர்க்கு இவற்றால் விளையும் பயன் நடைமுறை சார்ந்தது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ இலண்டன், திஹேக் காப்பகங்களிலோ இவ்வூரைத் தேடுவோர் ‘கடலோர்’ என்ற ஒரே சொல்லோடு நின்றால், 1752க்கு முந்தைய ஆட்சிக் குறிப்புகளைத் தவறவிடுவர்; அவை ‘புனித டேவிட் கோட்டை ஆலோசனைக் குறிப்புகள்’ என்ற தலைப்பில் உள்ளன. டச்சு வணிகத்தைத் தேடுவோர் ‘தெக்னபட்டம்’ என்று தேடவேண்டும். பிரெஞ்சு ஏட்டை நாடுவோர் ‘கொந்தெலூர்’ என்ற வடிவத்தையும் மறத்தலாகாது. தமிழ் மூலங்களில் ‘கூடலூர்’ என்று கண்டால், நீலகிரியோ தேனியோ என்று மயங்காமல் சூழலைப் பார்க்கவேண்டும். மேற்கோளில் மூலத்தின் பெயரையும், தம் சொந்த நடையில் இன்றைய பெயரையும் எழுதி, இரண்டுக்கும் உள்ள தொடர்பை முதல் இடத்தில் விளக்கிவிடுவதே குழப்பமற்ற முறை. எல்லாவற்றையும் ‘கடலூர்’ என்று சமப்படுத்துவது வாசிப்புக்கு எளிது. ஆனால் அது கோட்டையையும் துறையையும் மீனவர் ஊரையும் ஒன்றாக்கி, எந்த மக்களுடைய நிலம் எப்போது யாரால் எடுக்கப்பட்டது என்ற செய்தியை மறைத்துவிடும்.

அவ்வாறு சமப்படுத்தும்போது அதிகம் இழப்பது தேவனாம்பட்டினம். டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கோட்டை கொண்ட இடம் அதுவே. பீரங்கி சுடப்பட்ட மையமும் அதுவே. பாடநூல்களில் கோட்டை கடலூருக்குப் போய்விட, ஊர் ஓர் அடிக்குறிப்பாயிற்று. 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோதுதான் தேவனாம்பட்டினம் என்ற பெயர் நாடெங்கும் கேட்டது. இன்று அதன் மணற்கரைக்குச் சுற்றுலா வழக்கில் ‘சில்வர் பீச்’ என்ற புதிய ஆங்கிலப் பெயர் ஒன்று வந்து ஒட்டியுள்ளது. இதை இட ஆங்கிலேயர் எவரும் வர வேண்டியிருக்கவில்லை. யேல் இட்ட பெயர் 68 ஆண்டுகளில் தன் சுவர்களோடு சாய்ந்தது. அச்சுவர்களுக்கு முன்பே இருந்த பெயரை அங்குள்ள மீனவர் இன்றும் தம் ஊருக்கு வைத்திருக்கின்றனர். அதை எவரும் மீட்க வேண்டியதில்லை. வரலாறு எழுதுவோர் அதை அதற்குரிய இடத்தில் எழுதினால் போதும்.